அப்பீல் நாள் கொப்பி கைக்கு வந்த நாளில இருந்து ஓடாது

ஆரையம்பதியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில டிவோஸ் கிடைச்சிட்டு, தீர்ப்பு வாசிச்சு 5 கிழமை, தீர்ப்புட சேட்டிபைட் கொப்பி (கோட்டு அத்தாட்சிப்படுத்தித் தாற பிரதி) கைக்கு வந்து 6 நாள். வீடு கட்டாரில இருக்கிற புருஷன்ட பேரிலயே இருக்கும், இவவுக்கு மாசம் 20,000 தாபரிப்பு. 9 வயசில ஒரு பொம்புளப் புள்ள. அப்பீல் போடலாமா எண்டு கேக்காங்க.

தங்கச்சி, மாமியும் மச்சாளும் செஞ்சத ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்க, மனவருத்தம் விளங்குது, ஆனா அப்பீலுக்கு அதில ஒரு வரியும் உதவாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்டுதான். அப்பீல் நோட்டீஸ், அதாவது அப்பீல் செய்யப் போறன் எண்டு கோட்டுக்குக் குடுக்கிற அறிவித்தல், போட்டாச்சா? "லோயர் போட்டிருப்பாரு எண்டு நினைக்கன்" எண்டு எழுதியிருக்கீங்க. நினைச்சாக் காணாது. நாளைக்கே கோட்டு ரெஜிஸ்ட்ரிக்கு (பதிவாளர் கந்தோர்) போய் வழக்கேட்டக் கேட்டுப் பாருங்க, நோட்டீஸ் போட்டிருந்தா திகதியோட அதில பதிவு இருக்கும்.

நான் கண்ட ஆக்கள் கனபேர் விழுந்தது இந்தக் குழியிலதான். கொப்பி வந்த நாளில இருந்து எண்ணுவாங்க. சட்டம் எண்ணுறது தீர்ப்பு வாசிச்ச நாளில இருந்து. நோட்டீசுக்கு 14 நாள், அதில வாசிச்ச நாள், நோட்டீஸ் குடுக்கிற நாள், ஞாயிறு, பொது லீவு எல்லாம் கழியும், அப்பிடிக் கழிச்சாலும் உங்கட கணக்கில அது எப்பவோ முடிஞ்சிட்டு. நோட்டீஸ் போட்டிருந்தா மட்டும்தான் அடுத்தது, அப்பீல் மனு, அதுக்கு அதே தீர்ப்பு நாளில இருந்து 60 நாள், இதில ஞாயிறு கழியாது, அதால உங்களுக்கு இன்னும் 25 நாள் அளவிலதான் கிடக்கு. போடல எண்டா, கால தாமதத்த மன்னிச்சு அப்பீல ஏற்கச் சொல்லிக் கேக்க சிவில் நடைமுறைக் கோவை 765இல வழி இருக்கு, ஆனா உங்கட கைய மீறின காரணத்தால தடைப்பட்டதெண்டு காட்டணும், கொப்பி பிந்தி வந்ததெண்டு மட்டும் சொல்லிட்டு அங்க போய் நிக்கேலாது.

சரி, நோட்டீஸ் போட்டிருக்கெண்டே வைப்பம். படுவான்கரையில அப்பா வயல் வித்த காசிலதான் அந்த வீடு கட்டினதெண்டு சொல்றீங்க. நான் நம்புறன். ஆனா அந்த வயல் உறுதியும் பேங்க் புத்தகமும் விசாரணையில மார்க் பண்ணப்படல, அதாவது சாட்சியமாப் பதியப்படல எண்டு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்பீல விசாரிக்கிற சிவில் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் சாட்சிய திரும்ப முதல்ல இருந்து கேக்கிற இடமில்ல, கீழ் கோட்டில இருந்த ஏட்டத்தான் பாக்கும், புதுச் சாட்சி எடுக்கிறது மிச்சம் அருமை. இன்னொண்டு, நீங்க அப்பீல் போட்டா புருஷனும் அதே கோவை 772இன் கீழ தன்ட ஆட்சேபணைய எடுக்கலாம், அவர் தனியா அப்பீல் போட வேண்டியதும் இல்ல. கூட்டிக் கேக்கப் போய் இருக்கிற 20,000உம் குறையிற ஆபத்து இருக்கு, வருசக் கணக்கா இழுபட்ட பிறகு.

தாபரிப்பு காணாதெண்டா அதுக்கு அப்பீல் தேவையே இல்ல. அதே கோவை 615(2)இன் கீழ நிலைமை மாறினா அதே மாவட்ட நீதிமன்றத்திலயே கூட்டித் தரச் சொல்லிக் கேக்கலாம். அவர்ர சம்பளம் கூடினதுக்கு அத்தாட்சி இருந்தா எடுத்து வைங்க.

இனி நீங்க கடைசி வரியில போற போக்கில எழுதினதுக்கு வாறன். மாசக் காச விட்டா வீட்ட எழுதித் தாறன் எண்டு புருஷன் தன்ட தம்பி மூலம் சொல்லியனுப்பியிருக்காரு, நீங்க ரோசத்தில மறுத்திட்டீங்க. மறுக்காதீங்க, வாங்குங்க. கட்டாரில இருக்கிற ஆளிட்ட மாசாமாசம் அறவிடுறதுக்கு இங்க ரிட் (காச அறவிடச் சொல்ற கோட்டுக் கட்டள) எடுத்து அலையிறதவிட கையில வீட்டு உறுதி இருக்கிறது எவ்வளவோ மேல். புள்ளைக்கான காச மட்டும் இதில கலக்க விடாதீங்க, அது வேற, 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டத்தில நீதவான் நீதிமன்றத்தில கேக்கிற உரிமை.

தம்பி கொண்டு வாற அற்றோனி தத்துவத்த (அவருக்காகக் கையெழுத்துப் போட புருஷன் எழுதிக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) உங்கட நொத்தாரிசு பாக்கட்டும், அதில காணி கைமாற்ற அதிகாரம் எழுதியிருக்கணும். காணிப் பதிவகத்தில தேடிப் பாத்து வீடு ஈட்டில இல்லையெண்டு உறுதிப்படுத்துங்க. தாபரிப்ப விடுறன் எண்டு நீங்க கையெழுத்துப் போடுறது உறுதி உங்கட பேரில பதிஞ்சாப் பிறகுதான், அதுக்கு முன்னால ஒரு வெள்ளத் தாளிலயும் வேணாம்.