தரை பளபளக்கிறது, அந்தத் துணி?

கேள்வி: கைபேசி, ரிமோட், கதவுக் கைப்பிடி எல்லாவற்றிலும் கழிப்பறை இருக்கையைவிட அதிகக் கிருமி இருக்கிறதாமே! படித்ததிலிருந்து தினமும் இரண்டு வேளை வீடு முழுக்கக் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் பாதியைக் குறையுங்கள். கழிப்பறை இருக்கை வழவழப்பானது, சீக்கிரம் காய்ந்துவிடும். பாக்டீரியா அதில் தங்குவதே கஷ்டம். அதோடு ஒப்பிட்டால் எதிலும் கிருமி அதிகமாகத்தான் தெரியும். கைபேசியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை உங்கள் தோலில் ஏற்கெனவே குடியிருப்பவை. எத்தனை கிருமி என்று எண்ணுவதைவிட, எந்தக் கிருமி எந்த வழியாக வாய்க்குப் போகிறது என்று பாருங்கள்.

சமையலறைக்குப் போய், சிங்க் ஓரத்தில் கிடக்கும் ஸ்பாஞ்சையோ துடைக்கும் துணியையோ எடுத்துப் பிழியுங்கள். கலங்கலாக நீர் வருகிறதா, விரல் வழுக்குகிறதா, கை கழுவிய பிறகும் ஒரு புளித்த வாடை நிற்கிறதா? 2017-இல் ஜெர்மனியில் வீடுகளில் புழங்கிய 14 ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டரில் 5,000 கோடிக்கும் மேல் பாக்டீரியா. எல்லாமே நோய் தருபவை அல்ல, சரி. ஆனால் அதே ஈரத்தில் பச்சை இறைச்சியின் நீர் பட்டால்? ஈரமும் உணவும் வெதுவெதுப்பும் தோதாக அமைந்தால் ஈ.கோலை என்ற பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கும். தடையே இல்லையென்றால் இரவு 10 மணிக்கு இருந்த ஒன்று காலை 6 மணிக்கு 1.6 கோடியைத் தாண்டும். அதே துணியால் மேடையைத் துடைத்து, தட்டையும் துடைக்கிறோம். நீங்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

துணியை அலசிப் பிழிந்து விரித்துக் காயப் போடுங்கள். சுருட்டி வைக்காதீர்கள். ஸ்பாஞ்சை அடிக்கடி மாற்றுங்கள். இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி வேண்டும். கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கும் நீர் பக்கத்துப் பாத்திரங்களில் விழும். கிருமியைக் கொல்வது நன்றாக வேகும் சூடுதான். அப்புறம் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். கைபேசியை எப்போதாவது துடைத்தால் போதும்.

இன்னொன்று, இதை அவசியம் சொல்ல வேண்டும். வேகமாகச் சுத்தமாகட்டும் என்று பிளீச்சிங் திரவத்தையும் ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இரண்டு வேளை துடைக்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கவலை இதுதான்.