காபரேட்டர் புரி தேய்ந்தால் புதுசுதான் வாங்க வேண்டுமா?

களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் 100 சீசீ மோட்டார் சைக்கிளில் காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடிக்கும் ஸ்குரூ ஒன்று இறுகாமல் சும்மா சுற்றுகிறது. அந்த மூலையில் பெற்றோல் கசிகிறது. கராஜில் காபரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?”

உண்டு. ஆனால் கசிவு நிற்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். சொட்டுவது பெற்றோல், பக்கத்திலேயே சூடான எஞ்சின்.

ஸ்குரூ இரும்பு, காபரேட்டர் உடலோ மிருதுவான வார்ப்பு உலோகம். நம் கரையோர உப்புக்காற்றில் இரண்டும் வெள்ளையாகப் பூத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு பலவந்தமாகத் திருகினால், துளைக்குள் ஸ்குரூவைப் பிடிக்கும் சுருள் வெட்டான புரியும் கூடவே வந்துவிடும். கழற்றிய ஸ்குரூவைப் பாருங்கள். பள்ளத்தில் வெள்ளிக்கம்பி போலச் சுருள் ஒட்டியிருந்தால், அதுதான் உங்கள் புரி.

முதலில் தென்னை ஈர்க்கு ஒன்றைத் துளைக்குள் விட்டு ஆழத்தை அளவெடுங்கள். பல காபரேட்டர்களில் துளை ஸ்குரூவைவிட ஆழமாக இருக்கும். அடியில் இரண்டு மூன்று மி.மீ. புரி தேயாமலே கிடக்கும். அப்படியென்றால் அதே பருமனில் சற்று நீளமான ஸ்குரூ போதும், செலவு சில்லறைக் காசு. ஆனால் அதன் நுனி துளையின் அடியை முட்டக்கூடாது. தொழில் பழகிய காலத்தில் நான் அளக்காமல் இறுக்கி, ஸ்குரூ ஏறும் தூணையே பிளந்திருக்கிறேன்.

அடியிலும் புரி இல்லையென்றால் ஹெலிகாயில் போடுங்கள். இது உருக்குக் கம்பிச் சுருள். உள்ளே பழைய அளவிலேயே புரி கிடைக்கும். இந்த ஸ்குரூக்கள் பெரும்பாலும் 4 மி.மீ. பருமன், 0.7 மி.மீ. புரி இடைவெளி. நல்ல ஸ்குரூ ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். துளையை 4.1 அல்லது 4.2 மி.மீ.க்குப் பெரிதாக்கி, ஹெலிகாயில் செட்டோடு வரும் டெப் என்ற புரி வெட்டும் கருவியால் புரி வெட்ட வேண்டும். சாதாரண 5 மி.மீ. டெப் இதற்குச் சரிவராது, அதன் இடைவெளி 0.8.

துளைக்கும் முன் புளோட் (மிதவை), அதன் ஊசி, ஜெட் (பெற்றோல் போகும் நுண்துளைத் திருகு), ரப்பர் எல்லாவற்றையும் கழற்றி, பெற்றோலை முழுதாக உலர விடுங்கள். ட்ரில் அலகில் ஒட்டும் டேப் சுற்றி ஆழத்தை அடையாளமிடுங்கள். டெப்புக்கு இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. சுருளை மேற்பரப்புக்குக் கீழே கால்சுற்று இறக்கி, அதன் அடி நாக்கை உடைத்து மூக்குக்குறட்டால் வெளியே எடுங்கள். தூண் மெலிதாக இருந்தால் நீங்கள் முயல வேண்டாம். லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சிலிக்கன் பூசுகிறவர்களும் உண்டு. சாதாரண சிலிக்கன் பெற்றோலில் ஊதிப் பிய்ந்து ஜெட்டை அடைக்கும். பெரிய ஸ்குரூவை அடித்து ஏற்றுவதும் அப்படித்தான், அடுத்த முறை கழற்ற எதுவும் மிஞ்சாது.

கடைசியில் உலோகத்தூள் ஒன்றுகூட இல்லாமல் காற்றடித்துப் பூட்டுங்கள். ஸ்குரூக்களைக் குறுக்கும் மறுக்குமாக, திருப்புளியை விரல்நுனியால் பிடித்து இறுக்கினால் போதும். பெற்றோலைத் திறந்து, கீழே பத்திரிகைத் தாள் விரித்து அரைமணி நேரம் பாருங்கள். கிண்ணத்தின் விளிம்பு நனைந்தால் கேஸ்கெட்டைப் பாருங்கள். கூடுதல் பெற்றோல் வெளியேறும் வழிவுக்குழாயில் சொட்டினால் புரியில் பிழையில்லை, பெரும்பாலும் புளோட் ஊசியில் தூசி. திரும்பவும் கழற்ற வேண்டியதுதான்.