பாத்தியில் முளைத்தது தக்காளியா, களையா?

தக்காளி விதைத்த பாத்தியில் மூன்று வகை முளைத்திருக்கிறது, ஒன்று சிவப்புத் தண்டோடு தரையில் படர்கிறது, ஒன்று புல் மாதிரி, இன்னொன்றுக்கு வெட்டு வெட்டான இலை, இதில் எதைப் பிடுங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதிய அடையாளத்தை வைத்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

தரையோடு படரும் சிவப்புத் தண்டுச் செடியைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் சித்திரப்பாலாடை, களைதான். அந்தப் பால் கண்ணில் படக்கூடாது. பால் வராமல் இலை தடித்துச் சதைப்பற்றாக இருந்தால் பருப்புக்கீரையாக இருக்கலாம். இரண்டும் கலந்து வளர்வதுண்டு, அதனால் ஒன்றைக் கிள்ளிவிட்டு மற்றதெல்லாம் கீரைதான் என்று முடிவுகட்டாதீர்கள்.

புல் மாதிரி என்றீர்களே, அதன் தண்டை விரலிடையில் உருட்டுங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. மேலாகப் பிடுங்கினால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி துளிர்க்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். எரிச்சல் பிடித்த வேலை!

வெட்டு வெட்டான இலையுள்ள மூன்றாவதுதான் முக்கியம், அது தக்காளியாகவும் இருக்கலாம், பார்த்தீனியம் என்ற களையாகவும் இருக்கலாம். தக்காளி இலையைக் கசக்கினால் அதற்கே உரிய வாசம் வரும். ஆனால் வெறுங்கையால் கசக்கிவிடாதீர்கள், பார்த்தீனியமாக இருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும். முதலில் நிற்கும் விதத்தைப் பாருங்கள். பார்த்தீனியம் இளசாக இருக்கும்போது இலைகளை வட்டமாகத் தரையில் விரித்துக்கொள்ளும். தக்காளி நாற்று மெல்லிய ரோமத் தண்டோடு நிமிர்ந்து நிற்கும்.

முதலில் வரும் இரண்டு விதையிலைகளை நம்பாதீர்கள், பல செடிகளுக்கு அவை ஒரே மாதிரிதான். அடுத்து வரும் இலைகள் விரியட்டும். பார்த்தீனியம் என்று உறுதியானால் பூப்பதற்குள் கையுறை போட்டு வேரோடு எடுத்துவிடுங்கள்.