'பாஸ்' என்று திரை காட்டிய பிறகும் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் சிறிய மருத்துவமனைக்கு, வென்டிலேட்டருடன் கூடிய பழைய மயக்க மருந்து இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறோம். மயக்க மருந்து மருத்துவர் அறுவை சிகிச்சை நேரத்துக்குத்தான் வெளியிலிருந்து வருகிறார். காலையில் சுயபரிசோதனை 'பாஸ்' ஆனால் போதும் என்கிறார் விற்றவர். எங்கள் தியேட்டர் டெக்னீஷியன் வேறு எதையும் பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் பார்க்க வேண்டும். சுயபரிசோதனை, அது நடந்த நேரத்தில் இயந்திரத்தில் என்ன மாட்டியிருந்ததோ அதை மட்டுமே சோதிக்கிறது. அதன் பிறகு டியூபை மாற்றியிருந்தாலோ, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் குடுவையைத் திறந்து மூடியிருந்தாலோ, நோயாளி பக்கம் ஒரு ஃபில்டரைச் சேர்த்திருந்தாலோ, காலையில் வந்த 'பாஸ்' செல்லாது.

முதலில், இயந்திரத்தோடு தொடர்பில்லாத ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் ஆம்பு பேக்கும் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிலிண்டரைத் திறக்கும் சாவியும் அதிலேயே தொங்கட்டும். இயந்திரம் முழுவதும் நின்றுபோனாலும் நோயாளிக்கு மூச்சு கொடுக்க இவை போதும்.

அடுத்தது கசிவுச் சோதனை. சுவிட்சை வென்டிலேட்டரிலிருந்து கையால் அமுக்கும் பேக் பக்கம் மாற்றி, மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் ஏ.பி.எல். வால்வை மூடி, நோயாளி முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, அழுத்தமானி 30 சென்டிமீட்டர் (நீர் அழுத்தம்) காட்டும் வரை ஆக்சிஜன் ஃபிளஷ் பொத்தானை அழுத்த வேண்டும். முள் 10 விநாடிகள் இறங்காமல் நிற்க வேண்டும். பிறகு விரலை எடுக்காமல் ஏ.பி.எல். வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கினால், அந்த வால்வு வேலை செய்வதும் தெரிந்துவிடும்.

இனி நோயாளி முனையில் டெஸ்ட் லங்கை (நுரையீரலுக்குப் பதிலாக மாட்டும் சோதனைப் பை) மாட்டி, வென்டிலேட்டரை மூச்சுக்கு 500 மில்லி, நிமிடத்துக்கு 12 மூச்சு என்று ஓடவிடுங்கள். மூச்சு உள்ளே போகும்போது ஒரு வால்வுத் தட்டும், வெளியே வரும்போது மற்றதும் மாறிமாறி எழ வேண்டும். டெஸ்ட் லங் ஒவ்வொரு முறையும் முழுதாகச் சுருங்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டியூபைக் கழற்றிப் பாருங்கள். சில விநாடிகளில் அலாரம் அடிக்காவிட்டால், அந்த வென்டிலேட்டரை அன்று பயன்படுத்தக் கூடாது.

பழைய இயந்திரம் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வென்டிலேட்டரில் காற்றைத் தள்ளும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸ் கீழிருந்து மேலே எழும் வகையாக இருந்தால், டியூப் கழன்றதும் அது அடியில் படுத்துவிடும். பார்ப்பவருக்கு உடனே புரியும். மேலிருந்து தொங்கும் வகை அப்படியல்ல. தன் எடையாலேயே கீழே இறங்கி, அறைக் காற்றை இழுத்துக்கொண்டு, நோயாளிக்கு ஒரு மில்லிகூடப் போகாத நிலையிலும் அது ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உங்களுடையது தொங்கும் வகையாக இருந்தால், பெல்லோஸ் அசைவதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் இல்லாமல் அதில் ஒருவரையும் மயக்கத்தில் ஆழ்த்தக் கூடாது.

முந்தைய நோயாளிக்கு வைத்த அளவுகள் திரையில் அப்படியே நிற்கக் கூடாது. பெரியவர் என்றால், உயரத்துக்கு ஏற்ற எடையில் ஒரு கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்பது ஒரு மூச்சுக்கான தொடக்க அளவு. அதையும் உயர் அழுத்த அலாரத்தின் எல்லையையும் மயக்க மருந்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கடைசி நிமிடத்தில் அவரை அழைத்து, வந்தவுடன் ஊசியைக் கையில் கொடுக்கும் நம் வழக்கம் இந்தச் சோதனைகளுக்கே நேரம் விடுவதில்லை. அவரைக் கால் மணி நேரம் முன்னதாக வரவழையுங்கள்.

விற்றவர் கொடுத்த கேலிபரேஷன் சான்றிதழை அப்படியே நம்ப வேண்டாம். அளவுக் கருவி எதுவும் கொண்டுவராமல், உட்கார்ந்த இடத்திலேயே அச்சடித்துக் கொடுக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். ஆக்சிஜன் சென்சார் தேய்ந்து தீரும் பொருள். தீர்ந்துபோனதை மாற்றாமல் அலாரத்தை மட்டும் அணைத்து விற்பதும் நடக்கிறது. கம்பெனி இன்ஜினியரை அழைத்தால், இயந்திரம் உங்கள் பெயரில் வாங்கப்படவில்லை என்று அவர் கைவிரிப்பார். இயந்திரம் கை மாறும்போது பராமரிப்புப் பதிவேடும் சேர்ந்து வர வேண்டும் என்று வற்புறுத்த இங்கே எவரும் இல்லை என்பது பெரும் அநியாயம். எனவே ஏ.எம்.சி.யில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கையெழுத்திடும் முன், சென்சாரைக் கழற்றி அறைக் காற்றில் பிடித்து, அது 21 சதவீதம் காட்டுவதையும், சுத்த ஆக்சிஜனில் 90-ஐத் தாண்டுவதையும் உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.