தொழிலாளர் மேலாண்மை முடித்தாயிற்று, முதல் வேலை எங்கே?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “சென்னையில் எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை இந்த வருடம் முடித்தேன். அம்மா பீடி சுற்றுகிறார். சென்னையில் ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் ரெக்ரூட்டர் வேலை கிடைத்திருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையிலும் டைம் ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள், ஆனால் சம்பளம் குறைவு. அப்பா அரசுத் தேர்வுக்குப் படி என்கிறார். எதை எடுப்பது?”

கங்கைகொண்டானுக்குப் போங்கள். சம்பள வித்தியாசம் உறுத்தும்தான், இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். ரெக்ரூட்டர் வேலையில் நாள் முழுக்க போனும் எக்செல்லுமாகவே போய்விடும். இரண்டு வருடம் கழித்து அடுத்த வேலைக்குப் போகும்போது, “சம்பளப் பட்டியல் போடுவீர்களா, உள்விசாரணையில் (தொழிலாளி மேல் வரும் புகாரை நிர்வாகமே விசாரிப்பது) உட்கார்ந்திருக்கிறீர்களா, யூனியனோடு பேசியிருக்கிறீர்களா” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்திருப்பவர்தான் இந்தத் துறையில் மேலே போகிறார்.

டைம் ஆபீஸ் என்றதும் வருகைப் பதிவு எழுதுகிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓவர்டைம், சம்பளச் சீட்டு, மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சலான் எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகப் பங்கு 3.25 சதவீதம், சம்பள வரம்பு 21,000 ரூபாய் என்று பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். ஜூன் மாதம் ஒருவருக்குச் சம்பளம் கூடி 21,000-ஐத் தாண்டிவிட்டது, என்ன செய்வீர்கள்? உடனே நிறுத்தக் கூடாது. ஏப்ரலில் தொடங்கிய பங்களிப்புக் காலம் செப்டம்பரில் முடியும்வரை பிடிக்க வேண்டும். தெரியாமல் நிறுத்திவிட்டால், பிறகு மருத்துவத்துக்கு அலைவது அந்தத் தொழிலாளியின் குடும்பம்.

இன்னொன்று நம் ஊர்ப் பக்கம் ரொம்ப அதிகம். ஆதாரில் ‘முத்துலட்சுமி சுடலைமுத்து’ என்று இருக்கும். பி.எஃப். கணக்கில் ‘எஸ். முத்துலட்சுமி’. பேங்க் பாஸ்புக்கில் ‘முத்துலெட்சுமி’ என்று மூன்றாவது விதம். மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க விண்ணப்பித்தால் நிராகரிப்பு வந்து நிற்கும். தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கொடுக்கிற ஜாயின்ட் டிக்ளரேஷன் ஒன்று போட்டால் தீர்ந்துவிடும் காரியம் இது. அதைப் போட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல்தான் எத்தனையோ பேர் பி.எஃப். ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடக்கிறார்கள். பீடி சுற்றும் பெண்களுக்கு இந்த அலைச்சல் பழகிப்போன ஒன்று, உங்கள் அம்மாவைக் கேட்டாலே சொல்வார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எல்லோருடைய பெயரையும் ஒத்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அப்புறம் உங்கள் சொல்லுக்கு அந்த ஷெட்டில் கிடைக்கும் மதிப்பே வேறு.

படித்த சட்டத்தைப் புதுப்பித்துக்கொள்வது அவசரமான வேலை. பழைய சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து எழுதிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் இருந்த இடத்தில் இப்போது தொழில் உறவுகள் தொகுப்பு இருக்கிறது. உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் மாற்றம் ஒன்று சொல்கிறேன். பழைய தொழிற்சாலைகள் சட்டப்படி 500 தொழிலாளர் இருந்தால்தான் நல அலுவலர் கட்டாயம். அதன் இடத்தில் வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் அது 250. நடுத்தர ஆலைகளுக்கும் இனி உங்களைப் போன்றவர்கள் தேவைப்படுவார்கள். எந்தப் படிப்பு அந்தப் பதவிக்குச் செல்லும் என்பதை மாநில விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையின் நிர்வாகப் பக்கம் மட்டும்தான் நாற்காலி இருக்கிறது என்று கல்லூரியில் ஒரு நினைப்பு உண்டு. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்று கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிக் கொடுத்த சீமை இது. தொழிற்சங்கங்களுக்கு இன்று கணக்கும் சட்டமும் தெரிந்த இளைஞர்கள் கட்டாயம் வேண்டும். அந்தப் பக்கம் மனம் போனால், நெல்லை அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு பி.எல். சேர்ந்து தொழிலாளர் வழக்குகளில் வாதாடலாம். உள்விசாரணையை ஒழுங்காக நடத்தாததால் பணிநீக்கம் ரத்தாகும் வழக்குகள் ஏராளம். அதன் உள்ளும் புறமும் தெரிந்த வக்கீலுக்கு இரண்டு பக்கமும் மரியாதை.

அப்பா சொல்வதையும் தள்ள வேண்டாம். குரூப் 2இல் தொழிலாளர் உதவி ஆய்வாளர் பணி வருகிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் பி.எஃப். அமலாக்க அதிகாரி தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், ஆனால் பாடத்திட்டத்தில் தொழில் உறவும் தொழிலாளர் சட்டமும் இருப்பதால் உங்களுக்கு ஒரு கை கூடுதல். கற்பிக்க ஆசை என்றால், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தொழிலாளர் நலனுக்கென்றே தனிப் பாடம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே காலையில் இரண்டு மணி நேரம் படியுங்கள். வீட்டில் முழுநேரமும் உட்கார்ந்து வருடக்கணக்கில் அறிவிப்புக்குக் காத்திருப்பதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

சேருமுன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நியமன ஆணை தருவது கம்பெனியா, கான்ட்ராக்டரா? கான்ட்ராக்டர் என்றாலும் போகலாம், ஆனால் ஆணை எழுத்தில் வேண்டும், உங்கள் பி.எஃப். முதல் மாதத்திலிருந்தே ஏற வேண்டும். தொழிலாளர் மேலாண்மை படித்தவரே இதைக் கேட்கத் தயங்கினால், ஷெட்டில் நிற்கும் தொழிலாளி யாரிடம் போய்க் கேட்பார்?