வாத்தியம் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1943இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிய சில பாடல்களைக் கேட்டேன். வாத்தியமே இல்லை, பின்னால் கோரஸ் மட்டும் ‘ஊ... ஆ...’ என்கிறது. வாத்தியக்காரர்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்களா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

போனவர்கள் உண்டு. பிரபல இசைக்குழுத் தலைவர் க்ளென் மில்லரே போனார். ஆனால் நீங்கள் கேட்டதற்குக் காரணம் வேறு: வேலைநிறுத்தம்.

ரேடியோவும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸும் இசைத்தட்டைச் சுழலவிட்டே காசு பார்க்கின்றன. வாசித்தவனுக்கு அன்றைய கூலியோடு சரி, அப்புறம் அந்தத் தட்டே அவன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது என்றார் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. 1942 ஆகஸ்ட் 1 முதல் ரெக்கார்டிங்குக்கு யாரும் வாசிக்கவில்லை. போர் நேரத்தில் இப்படியா என்று பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கேட்டும் மனிதர் மசியவில்லை. எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை உண்டு.

பாடகர்கள் அந்தச் சங்கத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே வயலின் வரவேண்டிய இடத்தில் கம்பெனிகள் கோரஸை நிறுத்தின. நீங்கள் கேட்டது பாபி டக்கர் குழு. பக்கவாத்தியக்காரர்கள் எழுந்து போன கச்சேரியில் தம்புரா மட்டும் ஓடுவதுபோல இருக்கும்.

இதற்கு நடுவே தட்டுக்கே தட்டுப்பாடு. அன்றைய இசைத்தட்டு அரக்கில் செய்தது. அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. ராணுவத்துக்கும் அது வேண்டும். 1942 ஏப்ரலில் தட்டுக் கம்பெனிகளுக்கான அரக்கை அரசு 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுசு என்று சொன்ன கடைகளும் உண்டு.

சிப்பாய்களுக்கு மட்டும் பெட்ரில்லோ இறங்கிவந்தார். 1943 அக்டோபரில், ராணுவம் அவர்களுக்கு அனுப்பிய ‘வி-டிஸ்க்’ தட்டுகளுக்கு வாசிக்க அனுமதித்தார். விற்கக் கூடாது, பின்னால் தட்டையும் மூலப்பதிவையும் அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. 12 அங்குலத் தட்டு. வினைலில் செய்ததால் கப்பலில் போனாலும் எளிதில் உடையாது. அதில் சினாட்ரா முழு ஆர்கெஸ்ட்ராவோடு பாடினார். பசிபிக் தீவில் இருந்தவன் காதில் வயலின். ஊரில் அவன் மனைவி கடையில் வாங்கிய தட்டில் வெறும் ‘ஊ... ஆ...’.

டெக்கா கம்பெனி 1943 செப்டம்பரிலேயே தட்டு விற்பனையில் சங்கத்துக்கு ராயல்டி தர ஒத்துக்கொண்டு வேலைநிறுத்தத்திலிருந்து விடுபட்டது. கொலம்பியா 1944 நவம்பர் வரை இழுத்தடித்தது. வி-டிஸ்க் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அழிக்கச் சொன்ன தட்டுகளைச் சிப்பாய்கள் சிலர் பெட்டிக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.