கடலோர வீட்டுக்குத் தனிக்கணக்கு

கேள்வி: இந்த முறை கரண்ட் பில் 560 யூனிட். மீன் கழிவைக் கவரில் கட்டி வெளியே வைத்தால் நாய் இழுத்துப்போட்டுத் தெருவே நாறுகிறது. பத்திரிகைகளில் வரும் யோசனையெல்லாம் சென்னை ஃபிளாட்டுக்குத்தான் சரிப்படும். எங்களுக்கு என்ன வழி? – ஒரு வாசகி, தொண்டி

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான் சகோதரி. பால்கனித் தொட்டியில் காய்கறித்தோல் மக்க வைக்கிற கதை உங்களுக்கு எதற்கு?

முதலில் கரண்ட். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடும். ஆக, நீங்கள் குறைக்க வேண்டியது 60 யூனிட்தான். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். இரண்டு ஃபேனை மாற்றினால் கணக்கு முடிந்தது. விலை கூடத்தான், ஆனாலும் ஏசி வாங்கக் காசு வைத்திருந்தால் அதை இதில் போடுங்கள் என்பேன்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். அந்தக் கம்பிவலையில் உப்பும் தூசியும் அப்பியிருந்தால் சூடு வெளியேறாது, மோட்டார் ஓயாமல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது.

மீன் கழிவுக்குக் கொல்லையில் ஒன்றரை அடி குழி போதும். கிணறு, ஊற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம். மணல் பூமியில் அழுக்கு சீக்கிரம் தண்ணீரில் இறங்கிவிடும். அடியில் சருகு, அதன்மேல் செவுள், குடல், பிறகு ஒரு சாண் மண். நாய்க்கு என்ன செய்வது என்பீர்கள். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள்ளுக்கா பஞ்சம்? இரண்டு கிளை வெட்டி மேலே போட்டுவிடுங்கள். தென்னை, முருங்கை இருந்தால் கழிவின் எடைக்குச் சமமாக வெல்லம் சேர்த்து மூடிவைத்து மீன் அமிலம் என்ற உரமாகவும் ஆக்கலாம். மூன்று வாரம் கழித்து லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து ஊற்றுங்கள்.

கவருக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. மீன்கடையில் மட்டும் இன்னும் போகவில்லை. மீனுக்கு மஞ்சப்பை உதவாது, ஒழுகும். மூடி போட்ட தூக்குவாளியை எடுத்துப்போங்கள். வீட்டில் கிடக்கும் பழைய கவர்களை அடுப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அந்தப் புகை பொல்லாதது.

சோலார் போடலாமா என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறீர்கள். போடலாம், மத்திய அரசு மானியமும் உண்டு. ஆனால் உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு, பேனலைத் தாங்கும் சாதா இரும்புச் சட்டம் தாங்காது. அலுமினியமோ, நன்றாகத் துத்தநாகம் பூசியதோ கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் ஃபேனை மாற்றி ஒரு பில் பார்த்துவிடுங்கள். தேவை குறைந்தால் சின்ன சோலாரே போதும்.